நாலு பேர் குறைவு

"நாலு நிமிஷம்! ஆம்புலன்ஸ் நாலு நிமிஷத்துல வந்ததாலதான் இவ இன்னைக்கு என் பக்கத்துல உக்காந்திருக்கா!" ஹார்லன் ப்ரூவிட் மேசையில் அடித்த அடியில் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி யூனிஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

லிண்டன் கவுண்டி மன்றத்தில் அன்று மாலை உட்கார இடமில்லை. மேப்பிள் ரன் குடியிருப்பின் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடுவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. மூடினால் அடுத்த வண்டி பக்கத்து ஊரிலிருந்துதான் வர வேண்டும், இருபத்திரண்டு நிமிடம்.

புள்ளிவிவர அதிகாரி மிஸ் கோவாச் கவுண்டியின் கணக்கை வாசித்தாள். "மேப்பிள் ரன்ல வீடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொண்ணு. வீட்டுக்குச் சராசரி ரெண்டு புள்ளி ஆறு பேர், மூணு புள்ளி ஒண்ணு கார்."

"ஆளை விட கார் ஜாஸ்தியா? நாய்க்குமா லைசென்ஸ் குடுக்கறீங்க?" என்றான் பின்வரிசையிலிருந்து டுவெய்ன் காஸ்பர். மன்றம் சிரித்தது. மிஸ் கோவாச் சிரிக்கவில்லை.

"மொத்தம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு பேர். நிலையம் இருக்கணும்னா ஐயாயிரம் வேணும். நாலு பேர் குறையுது."

சிரிப்பு நின்றது. காரணம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடக்கூடாது என்பது குடியிருப்புச் சங்கத்தின் விதி. மீறினால் நாளுக்கு நூறு டாலர் தண்டம். அதனால் கணக்கெடுப்புத் தாள் வந்தபோது பாதிப் பேர் கீழே இருப்பவர்களை எழுதவே இல்லை. அந்தத் தண்டத்தை எழுதும் சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, ஹார்லன்தான்.

"விட்டுப்போனவங்க யாராவது இருந்தா இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடுங்க, வாக்கெடுப்புக்கு முன்னால சேர்த்துக்கறேன்" என்று மிஸ் கோவாச் ஒரு தாளை நீட்டினாள்.

ஒருவரும் அசையவில்லை. ஹார்லன் தன் தண்டக் குறிப்பேட்டை எடுத்து எல்லோர் பார்வையிலும் குப்பைக் கூடையில் போட்டார்.

"போதுமா? தண்டம் கிடையாது, நான் பொறுப்பு. நாப்பது கேக்கல, நாலே நாலு. உங்க வீட்டுல ரெண்டு, அவர் வீட்டுல ரெண்டு, முடிஞ்சுபோச்சு!" கடை மூடும் நேரத்து வியாபாரி போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேரம் பேசினார்.

"யோவ் ஹார்லன், போன மாசம் என் தபால் பெட்டியோட கறுப்பு சரியான கறுப்பு இல்லைன்னு எழுபத்தஞ்சு டாலர் போட்ட ஆளுய்யா நீ" என்றான் டுவெய்ன். "உன் பேச்சை நம்பி நான் கையெழுத்துப் போடணுமாக்கும்? முதல்ல நீ சொல்லு, உன் வீட்டுல எத்தனை பேரு?"

"நானும் இவளும்." ஹார்லனின் குரல் இறங்கியது. "எங்களுக்குத்தான் புள்ளைகுட்டி இல்லைன்னு ஊருக்கே தெரியுமே."

கேட்ட டுவெய்னே தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது யூனிஸ் மெல்லக் கையை உயர்த்தி எழுந்திருக்கப் பார்த்தாள். ஹார்லன் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீ பேசாதம்மா. படபடப்பு கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல? நான் பாத்துக்கறேன்." முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்தாளே தவிர, அவளும் எழுந்து வந்து கையெழுத்துப் போடவில்லை. நீட்டிய தாள் வெள்ளையாகவே மடிந்தது. மன்ற உறுப்பினர்களில் ஐந்து பேர் ஆதரிக்க, இரண்டு பேர் எதிர்க்க, நிலையத்தை மூட முடிவானது.

காரில் ஏறியதிலிருந்து ஹார்லன் பொரிந்து தள்ளினார். "சுயநலம் பிடிச்ச பயலுக! வாடகைக் காசுக்காக ஒரு உயிரையே பணயம் வெச்சுட்டானுங்க பாரு. நாலு பேரு! நாலு பேரைச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலையே!"

யூனிஸ் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நம்ம கீழ்த்தளத்துல அஞ்சு பேர் இருக்காங்களே, ஹார்லன்."