கடைசி மூன்று அடி

உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு ரொசலீனா சாட்டையை வாங்கினாள். புருஷன் மேல் எவ்வளவு ஆத்திரம் பார் என்று கூட்டம் கிசுகிசுத்தது.

எரிமலை வாய்க்குள் கிடக்கும் ஏரியின் கரை அது. ஐஸ் மாதிரி குளிர்ந்த தண்ணீரில் மூன்று முறை முக்கியெடுத்து, காஞ்சொறிச் செடியால் உடம்பெல்லாம் விளாசி, அவள் புருஷன் ஒல்மெதோவை மண்டிபோட வைத்திருந்தார்கள். ஒன்பது அடி முடிந்திருந்தது. முதுகு ரத்தம் இடுப்பு வரை இறங்கியிருந்தது.

பாதி மலையில் களைத்து நிற்கிற பயணியை யார் கழுதையில் ஏற்றுவது, ஒல்மெதோ வீட்டுக் கழுதையிலா பல்தசாரின் கழுதையிலா என்று சண்டை. அதில் பல்தசாரின் மண்டை கல்லால் உடைந்தது; இன்னும் கண் திறக்கவில்லை. உடைத்தது நான்தான் என்று ஒல்மெதோவே ஊர் சபையில் ஒப்புக்கொண்டான். கரையில் படகு வாடகைக்கு விடுகிறவன், படகைப் போட்டுவிட்டு அவ்வளவு தூரம் மேலே ஓடினானாம்.

ஊர்த் தண்டனையை முழுசாக வாங்கிவிட்டால் விவகாரம் இங்கேயே தீரும். இல்லாவிட்டால் மேலே போலீஸ் வண்டி நிற்கிறது. பத்து வருஷமாவது சிறைதான்.

கடைசி மூன்று அடி வீட்டார் கையால் விழவேண்டும், அதுதான் வழக்கம். பாசத்தில் மெதுவாகத் தட்டினால் செல்லாது என்று ஊர்த் தலைவி சோய்லா கண்டித்துச் சொல்லியிருந்தாள். பால் குடித்துத் தூங்கிய நாலு மாசக் குழந்தையை ரொசலீனா அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

முதல் அடி சதையைப் பிய்த்தது. இரண்டாவதில் அவன் முகம் சரளைக்கல்லில் மோதி உதடு கிழிந்தது.

"வீட்லயும் இப்படித்தான் வாங்குவான் போல" என்றான் பல்தசாரின் அண்ணன். நாலு பேர் சிரித்தார்கள்.

மூன்றாவதுக்குக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கை வெடவெடவென்று ஆடியது. சாட்டை நழுவிக் கீழே விழுந்தது.

"முடியலன்னா சொல்லிடும்மா. போலீஸ்கிட்டயே ஒப்படைச்சிடலாம்" என்றாள் சோய்லா.

ஒல்மெதோ தவழ்ந்து போய்ச் சாட்டையை எடுத்தான். அவள் கையில் திணித்து, விரல்களை மடக்கி மூடினான். மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரித் தலையைக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"கல்லத் தூக்கினப்ப நடுங்காத கை, இப்ப மட்டும் ஏன் புள்ள நடுங்குது?"