துணி வீசும் பாறை

அவள் கையை இறக்கினாள். வள்ளமும் நின்றது.

மறுபடி உயர்த்தினாள். வள்ளம் நகர்ந்தது. அவளை நோக்கி.

விளையாட்டாகத்தான் தொடங்கியது. கடலோரக் குன்றின் ஒற்றையடிப் பாதையில் ஏறி உச்சிப் பாறைக்கு வந்திருந்தாள். கீழே மணலில் நின்ற தோழி தாரணி படம் எடுப்பதற்காக, சிவப்புத் துப்பட்டாவைக் கழற்றி வீசினாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

அப்போதுதான் தொலைவில் அந்த வள்ளம் திரும்பியது.

வள்ளத்துக்கும் குன்றுக்கும் நடுவே பாறைகள். அலை விலகும்போது மட்டும் அவற்றின் கறுத்த முதுகு தெரிந்தது.

போ, போ என்று துப்பட்டாவை ஆட்டினாள். அது இன்னும் வேகமாக வந்தது.

கைபேசி அதிர்ந்தது.

"இன்னும் யாருக்குடி டாட்டா காட்டுற? படம் எடுத்தாச்சு, இறங்கு. பசிக்குது."

"தாரணி, அந்த வள்ளம் பாறையில மோதப்போகுது. அங்க யார்கிட்டயாவது சொல்லு."

"எந்த வள்ளம்? எல்லாம் இங்க மணல்லதான் கெடக்கு. மேல காக்கா உக்காந்திருக்கு."

பாதையில் விறகுக் கட்டோடு ஒரு பெண் ஏறி வந்தாள். துப்பட்டாவைப் பார்த்ததும் நின்றாள்.

"இங்க நின்னு துணி வீசப்பிடாது பிள்ளே. மீன் கூட்டம் எங்க நிக்குன்னு இந்தப் பாறையில நின்னுதான் துணி காட்டுவாவ. வள்ளக்காரன் தண்ணியப் பாக்கமாட்டான். துணியத்தான் பாப்பான்."

பிறகு சிரித்தாள்.

"நல்லகாலம், இன்னைக்கு ஞாயிறு. பூசை முடிஞ்சு எல்லாவனும் கொறட்ட விட்டுட்டுக் கெடக்கான்."

அவள் துப்பட்டாவாலேயே கடலைக் காட்டினாள்.

அந்தப் பெண் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது.

"எத்தன பேரு?"

"அஞ்சு பேர். உங்களுக்குத் தெரியலையா அக்கா?"

"முன்னால நிக்கியவன் தலையில என்ன கட்டியிருக்கான்?"

"பச்சைத் துண்டு."

விறகுக் கட்டு விழுந்தது.

"வீசு."

"பாறை இருக்கே அக்கா. மோதிரும்."

"அது போன ஆடியிலேயே மோதியாச்சு மக்கா. நானும் நெதமும் வந்து வீசுதேன். எனக்கு வரல்ல. நீ வீசு."

அவள் வீசினாள்.

தோள் மரத்துப்போனது. கை தாழ்ந்தபோது அந்தப் பெண் அவள் முழங்கையை அடியிலிருந்து தாங்கிப் பிடித்தாள். விறகு சுமந்த கை.

வள்ளம் பாறைகளின் மேல் ஏறி வந்தது. நுரை எழவில்லை.

"வள்ளம் எங்க எத்திச்சு?" காதருகே குரல்.

"கீழ. குன்றுக்கு அடியில."

"ஆளுவ?"

அவள் எட்டிப் பார்த்தாள். வள்ளம் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

கீழே, பாதையின் வளைவில், சரளைக் கற்கள் உருண்டன.

அது அந்தப் பெண்ணுக்கும் கேட்டது.

முழங்கையை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கூந்தலை அவிழ்த்து, திருத்தமாக முடியத் தொடங்கினாள்.