மூன்றாம் ஓலை

"இந்தச் சேலைய நான் கடைசியாப் பாத்தது போன வருசம் இதே நாளுலயாக்கும்," என்றார் பொன்னையன், வாசல் நிலையில் சாய்ந்தபடி.

சுகிர்தபாய் கண்ணாடியை விட்டுத் திரும்பவே இல்லை. "செத்தவனுக்க நினைவு நாளுக்குக் கிழிஞ்சத உடுத்தோண்டா போவாவ?"

செத்தவன் ராஜதாஸ். எழுபத்தொன்றாம் வருடப் போர்க்காலத்தில் விமானப்படைக்குப் போன பையன். பயிற்சிக்குக் கிளம்பிய விமானம் கடலில் விழுந்து, உடம்புகூடக் கிடைக்கவில்லை. பெருங்கடவிளை முக்கில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஷெட் அவன் பெயரில்தான் இருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் பொன்னையனுக்கு ஒரு பாடும் இல்லை. ஆனால் ராஜதாசுக்கும் சுகிர்தபாய்க்கும் கல்யாணம் நிச்சயமாகி, சர்ச்சில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. 'ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்' என்று பாதிரியார் மூன்றாம் ஞாயிறும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான். அதற்குள் விமானம் விழுந்தது. அடுத்த வருடம் அவளைக் கட்டிய பொன்னையனுக்கு ஊர் 'ரெண்டாம் பந்தி' என்று பெயர் வைத்தது. பிள்ளைகள் பெற்று, பேரன் பேத்தி எடுத்தும் அந்தப் பெயர் போகவில்லை.

ஷெட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. கிளப் செயலாளர் சஜன் ஓடி வந்து, "மாமி முன்னால இருக்கணும்," என்று சுகிர்தபாயை முதல் நாற்காலிக்கு இழுத்துப் போனான். பொன்னையன் பின்னால் நின்றார். மேலே ஃப்ளெக்ஸில் ராஜதாஸ் சிரித்தான். வருடா வருடம் ஃப்ளெக்ஸ்காரன் அவனை வெளுப்பாக்கிக்கொண்டே போனான். பொன்னையனுக்கு வெளுத்தது தலைமயிர் மட்டும்தான்.

"கீழ நின்ன கப்பல்ல இடிக்காம விமானத்தத் திருப்பி, தன் உயிரக் குடுத்த வீரன்," என்று சஜன் மைக்கில் முழங்கினான்.

"போன வருசம் பள்ளிக்கூடம்னு சொன்னான். இந்த வருசம் கப்பலாயிட்டு," என்று பொன்னையன் முணுமுணுத்தார்.

சுகிர்தபாய் பூ வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் அதே ஷெட்டில், அதே சிரிப்புக்குக் கீழே, பஸ்ஸுக்கு உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி, இன்னைக்கு ஒண்ணு சொல்லிரு. சோறு விளம்புனது எனக்கு, மனசு முழுக்க இவன்ட்ட. அப்படித்தானே? நேராச் சொல்லு, நான் தாங்குவேன்." தாங்கமாட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது.

சுகிர்தபாய் மேலே பார்த்தாள். "பாவம். என்னக் கெட்டப் போற சந்தோசத்துலயே செத்துட்டான். கடைசி வரைக்கும் அவனுக்கு விசயம் தெரியாது. அதுக்காக்கும் இந்தப் பூ."

"என்ன விசயம்?"

"பாதிரியார் அவனுக்க அம்மைய நெனச்சு வெளிய விடல்ல. உங்கள்ட்ட சொன்னா ஊரு முழுக்கக் கொட்டடிப்பியன்னு நானும் சொல்லல்ல."

"எதை, சொல்லித் தொலையேன்."

"ரெண்டாம் ஓலை வாசிச்சப்ப, பாட்டுக் கூட்டத்துல நின்ன நீங்க வாயத் தொறக்காமக் கண்ணத் தொடச்சிய. மறுநாளே பாதிரியார்ட்ட போய் ஆட்சேபம் சொன்னது நானாக்கும். விமானம் விழுந்தது அதுக்கும் பெறவு."