செய்தியில் வராத மறியல்

கெங்கம்மா பிளாஸ்டிக் குடத்தை ஓங்கி எண்ணூர் பஸ்ஸின் முகப்பில் அடித்தாள். ஓட்டுநர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் பின்னால் சாலையில் உட்கார்ந்திருந்த நாற்பது பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். முப்பத்தெட்டாகவும் இருக்கலாம், எண்ணியவள் ரசூல் பீவி.

"அடி சரியா விழலைக்கா," என்றான் முபாஷிர், மைக்கை இறக்கியபடி. "இன்னொரு தபா அடிங்க. டிரைவரண்ணே, அடி விழறதுக்கு முன்னாடியே மூஞ்சைப் பொத்திகினீங்க. விழுந்தப்புறம் பொத்துங்க."

ஓட்டுநர் தலையாட்டினார். பக்கக் கண்ணாடியில் பார்த்து முடியை ஒருமுறை வாரிக்கொண்டார்.

உண்மையான மறியல் முந்தின நாளே நடந்துவிட்டது. வியாசர்பாடி குடியிருப்பின் எட்டாவது பிளாக்குக்கு ஆறு நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. கெங்கம்மாவின் மகள் செங்கொடி பிள்ளை பெற்று வீடு வந்து நான்கு நாள். தாய்க்கும் பிள்ளைக்கும் இன்னும் உடம்புக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அதனால்தான் கெங்கம்மா பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றரை மணி நேரம் சாலையை மறித்தாள்.

மறுநாள் காலை தண்ணீர் ஆபீசுக்குப் போனபோது அதிகாரி கேட்டார். "மறியலா? எந்தச் சேனல்ல வந்துச்சு?"

"இன்னா சார், நீங்களே ஜீப்போட மாட்டிகினு நின்னீங்க. வழி விடச் சொல்லி என்னாண்டதான கும்புட்டீங்க."

"கும்பிட்டேன், இல்லைங்கலை. ஆனா நான் பார்த்தேன்னு மேல எழுத முடியுமாம்மா? செய்தியில வந்திருந்தா நடந்துச்சுன்னு எழுதலாம். போங்க, பார்க்கிறேன்."

கெங்கம்மா நேராக டெலிபோன் பூத்துக்குப் போய்ச் சேனலைக் கூப்பிட்டாள். மதியம் முபாஷிரும் கேமராக்கார ராசையாவும் வந்து இறங்கினார்கள்.

"நேத்து நடந்ததை, நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க," என்றான் முபாஷிர்.

"நாங்க குந்தினோம். பஸ்ஸு நின்னுச்சு. ஒரு போலீசுகாரர் வந்தாரு, டீ குடிச்சாரு, பூட்டாரு," என்றாள் கெங்கம்மா.

முபாஷிரின் முகம் வாடியது. "கண்ணாடி கிண்ணாடி உடையலியா?"

"அத்த இன்னாத்துக்குப்பா உடைக்கணும்? நம்ம புள்ளைங்க போற பஸ்ஸு."

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக் முன்னால் வந்தாள். "நான் சொல்றேன் தம்பி. ஐந்நூறு பேரு. போலீசு நாலு வேன்ல வந்து எறங்கி அட்ச்சாங்க. இந்தக் கெங்கம்மாக்கா நெத்தியில ரத்தம் சொட்டச் சொட்ட பஸ்ஸு மேல ஏறி நின்னுச்சு. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

முபாஷிர் உயிர் வந்தவன்போல் நிமிர்ந்தான்.

கெங்கம்மா அவளை ஓரமாக இழுத்தாள். "நேத்து நீ மாதவரத்துல உன் நாத்தனா வூட்ல இருந்தியேடி."

"இருந்தா இன்னாக்கா? உனக்கு நடந்தது வோணுமா, தண்ணி வோணுமா?"

கெங்கம்மா குடத்தை எடுத்துக்கொண்டு சாலைக்கு நடந்தாள். அடுத்து வந்த பஸ்ஸை நிறுத்தி, ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னதும், "மூஞ்சி நல்லா தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் என்ஜினை அணைத்தார்.

ராசையா எதிரே இருந்த மதில்மேல் ஏறிக்கொண்டான். மேலேயிருந்து எடுத்தால் கூட்டம் பத்து மடங்காகத் தெரியுமாம்.

மூன்றாவது தடவை குடம் சரியாக விழுந்தது. அதற்குள் பஸ்ஸுக்குப் பின்னால் ஏதோ ஒரு வண்டி விடாமல் ஆரன் அடிக்கத் தொடங்கியிருந்தது. "ஆஸ்பத்திரி வண்டியா கீதோ இன்னாவோ," என்று கெங்கம்மா எழுந்தாள்.

"ஆம்புலன்ஸ் சத்தம் இது இல்லக்கா, குந்துங்க," என்றான் முபாஷிர். "அடிக்கட்டும். ஆரன் கேட்டாத்தான் மறியல் மறியல் மாதிரி கீது."

கால் மணி நேரத்தில் ஆரன் ஓய்ந்தது.

சாயங்காலம் ஏழு மணிச் செய்திக்கு எட்டாவது பிளாக்கே கன்னியம்மாவின் வீட்டில் நெருக்கியடித்தது. செங்கொடி குழந்தையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். 'வியாசர்பாடியில் மக்கள் கொந்தளிப்பு' என்று எழுத்து ஓடியது. கன்னியம்மா சொன்னது ஒரு வார்த்தை குறையாமல் வந்தது. கெங்கம்மா சொன்னது ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"போலீசு எப்போக்கா அட்ச்சான்?" என்றாள் ரசூல் பீவி. "நான் உன் பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்."

"டி.வி.லயே சொல்றான். நீ கவனிச்சிருக்க மாட்ட," என்றாள் இன்னொருத்தி.

கெங்கம்மாவின் கை தானாக நெற்றிக்குப் போனது. ஒருமுறை தடவி, விரலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இனிமே அந்த ஆபீசரு நடக்கலேன்னு சொல்ல முடியாது," என்று மகளிடம் சொன்னாள். "நாளைக்கு லாரி வந்துடும் பாரு. புள்ளைக்கு மொதல் தண்ணி நான்தான் ஊத்துவேன்."

திரையில் கேமரா மதில்மேலிருந்து மெதுவாக நகர்ந்து, பஸ்ஸையும் தாண்டி, பின்னால் நின்ற வண்டிகளைக் காட்டியது. செங்கொடி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து டி.வி. அருகே போனாள்.

"ம்மா, பஸ்ஸுக்குப் பின்னால ரிவர்ஸ் எடுத்துகினு திரும்பிப் போவுது பாரு, நம்ம தண்ணி லாரி."