ஒற்றைக் குதிரை

தோஹா கேம்ப் அறையில், ஏசி இரைச்சலுக்கு அடியில், கார்மேகமும் ஜெயசீலனும் சதுரங்கப் பலகைமேல் குனிந்திருக்கிறார்கள். லீவு ஒருவருக்குத்தான். நாலு மணிக்குள் ஒரு பெயரைச் சொல்லாவிட்டால் அதுவும் கிடையாது என்று போர்மேன் சொல்லிவிட்டான். ஜெயித்தவன் ஊருக்குப் போவதாகப் பேச்சு. கார்மேகத்தின் அம்மா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். ஜெயசீலனின் மனைவிக்கு இது பேறுமாதம். ஜெயசீலனிடம் மிச்சம் ராஜா மட்டும். கார்மேகத்திடம் ராஜாவும், தொலைந்த குதிரைக்குப் பதிலாக வைத்த துருப்பிடித்த நட்டும். "எங்கிட்டதானே தம்பி ஒண்ணு கூட இருக்கு?" "ஒத்தக் குதிரைய வச்சு எவனாலயும் ராஜாவ மடக்க முடியாதுண்ணே. டிரா. கலாஸ், முடிஞ்சுது." ஜன்னல் வெயில் கட்டங்களைக் கடந்து நட்டின்மேல் ஏறுகிறது. நாலு மணிக்குக் கதவு திறக்கிறது. "யாருப்பா போறது?" என்கிறான் போர்மேன். கார்மேகம் நட்டைத் தூக்கி இன்னொரு கட்டத்தில் வைக்கிறான். ஜெயசீலனின் ராஜா ஓரடி ஒதுங்குகிறது.