மறுபடியும் டோப்பா

"மறுபடியும் டோப்பா," என்று போனைச் சாப்பாட்டு மேஜைமேல் குப்புறப் போட்டாள் அம்மா. "சமையல் வீடியோவைத் திறந்தா டோப்பா விளம்பரம். செய்தியைத் திறந்தா டோப்பா. நான் என்ன நாடகக் கம்பெனியா நடத்தறேன்?"

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். மகளுக்கு இணைய விளம்பரக் கம்பெனியில் வேலை. அதனால் போனில் எது நடந்தாலும் குற்றவாளி அவள்தான்.

"குக்கீ எல்லாத்தையும் அழிச்சுட்டா பின்னாலயே வராதுன்னு நீதானே சொன்னே? அழிச்சேனே. அப்புறமும் எப்படித் துரத்துது?"

"இப்பல்லாம் குக்கீயே தேவையில்லைம்மா. பேர்கூட வேண்டாம். என்ன போன், எவ்வளவு பெரிய ஸ்கிரீன், எந்த நேரத்துல வர்றாங்க, எந்த வைஃபை... இதெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருந்தா போதும். நேத்து வந்த அதே ஆள்தான்னு ஒரு கணக்குல பிடிச்சிடுவோம்."

"நான் எங்கடி வந்தேன்? நான் டோப்பாவே தேடலையே."

"ஒரே வைஃபைல இருக்கற போனை எல்லாம் ஒரே வீடுன்னு சேர்த்துக்கும். வீட்டுல யாரு தேடினாலும்..." மகள் சட்டென்று நிறுத்தி, தண்ணீர் குடித்தாள்.

அம்மாவுக்கு அது போதும். வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

"ஏங்க, போனைக் குடுங்க."

அப்பா கொடுத்தார். திறந்தால், பக்கம் பக்கமாக விக்.

"பேரன் பேத்தி எடுக்கற வயசுல யாருக்குங்க இந்த அலங்காரம்?"

அப்பா தன் பளபளக்கும் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "தலை குளிருது."

"கல்யாணமான புதுசுலயே வழுக்கை விழுந்த தலை. இப்பத்தான் குளிருதாக்கும்? நல்லா இருக்கு. இவ ஒருத்தி சைனஸ்னு தலையில ஸ்கார்ஃபைக் கட்டிக்கிட்டுத் திரியறா, நீங்க டோப்பா தேடறீங்க. எனக்கு வாய்ச்ச ரெண்டு தலையும் சரியில்லை."

இரவுக்குள் விஷயம் அப்பாவின் தங்கைக்குப் போய்விட்டது. மறுநாள் மாடி வீட்டுக்கு. அம்மா அவருக்குப் பெயரே வைத்துவிட்டாள்: டோப்பா மாப்பிள்ளை.

"டோப்பா மாப்பிள்ளை, காபி ஆறுது."

"டோப்பா மாப்பிள்ளை, குப்பை வண்டி வந்திருக்கு."

அப்பா காபியைக் குடித்தார். குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினார். கேலி செய்கிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மகளும் தப்பவில்லை. "தினமும் பாத்ரூம் அடைச்சுக்குது. தலைக்குக் குளிச்சா முடியைச் சுருட்டிக் குப்பையில போடணும்னுகூட உனக்குச் சொல்லித் தரணுமா? உங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு கணக்கு இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தபோது பார்சல் வந்தது. அப்பா பெயருக்கு. அப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் வந்து பிரிக்கட்டுமே, அண்ணி," என்றாள் அத்தை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எதுக்கு? மாப்பிள்ளைக்கு நாமளே சூட்டிவிடுவோம்." அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அம்மா, அப்பாவோட பார்சல். வச்சிடு," என்றாள் மகள்.

"ஏன், உள்ள பாம்பா இருக்கு?"

அட்டைப்பெட்டி திறந்தது. அம்மா இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள்.

தோள்வரை நீளம். நுனியில் லேசான சுருள். நடு வகிடு.

அத்தையின் சிரிப்பு நின்றது. "அண்ணி, இது பொம்பளைங்க வைக்கிறதாச்சே." அவள் கண்கள் அறையைச் சுற்ற ஆரம்பித்தன. சோபா, ஜன்னல், அப்புறம் மகள் நின்ற மூலை.

"வந்துடுச்சா?"

தோளில் துண்டோடு வந்த அப்பா அதை அம்மாவின் கையிலிருந்து வாங்கினார். தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார்.

"சைஸ் சரியாத்தான் இருக்கு. நீளம்தான் பார்க்காம ஆர்டர் பண்ணிட்டேன். எப்படிம்மா இருக்கேன்?"

அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அண்ணா, அப்படியே நம்ம சித்தி மாதிரி இருக்கீங்க."

மகள் ஸ்கார்ஃபின் முடிச்சை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுருளை அவளுக்குத் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அதோடு சீப்பால் சண்டை போட்டவள் அவள்தான்.

சமையலறையில் மகள் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அத்தையின் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

"எப்பலேருந்துடி?" அம்மாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கொஞ்ச நாளா. கொத்துக் கொத்தா வந்துடுது. திரும்ப வளரும்னு டாக்டர் சொல்றார்."

"உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லத் தோணிச்சா உனக்கு?"

"அப்பாகிட்டயும் நான் சொல்லலைம்மா. துவைக்கப் போட்டிருந்த என் தலையணை உறையை எடுத்தார். பார்த்துட்டார். ஒண்ணும் கேக்கலை. அவர் போனை நீட்டி, 'விக் எல்லாம் இதுல தேடிக்கோ, வழுக்கைத் தலையை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க'ன்னார். அவ்வளவுதான்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேடி."

மகள் குழாயை மூடினாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பாத்ரூம்லேருந்து தினமும் அள்ளிப் போட்டது நீதானேம்மா."