கடைசி ஆள்

காட்டு ஓட்டப் பந்தயத்தில் கடைசி ஆளுக்கும் பின்னால் போய், மரங்களில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்து வருவது தூவாவின் வேலை. இந்த வேலைக்கு அவள் புதிது.

“தாடிக்காரர்தான் கடைசியா வருவார். வருஷா வருஷம் அப்படித்தான்” என்று போன வருஷம் இந்த வேலையைச் செய்தவள் சொல்லியிருந்தாள். அப்படியே ஆனது.

“பெரியவரே, கொஞ்சம் கால எட்டிப் போடுங்க. ஆறு மணிக்கு முடிச்சிருவாங்க.”

“போலாம், போலாம். உன் நாய் பக்கத்து வீட்டு கேக்கைத் தின்னுச்சே, அப்புறம்?”

தூவா சொன்னாள். அவர் நின்று நின்று சிரித்தார். பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினார்.

ஏற்றத்தில் அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. சதுப்பில் எந்தப் பலகை வழுக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

“எல்லாரும் போனப்புறம் போய்ச் சேர்றது கஷ்டமா இல்ல?”

அவர் ஒரு கிளையை விலக்கி அவளுக்கு வழி விட்டார்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். திடல் காலியாக இருந்தது. தூவா பட்டியலைப் பிரித்தாள்.

“பேரு?”

“ஹால்வார் நேஸ்.”

பேனா நின்றது. தலைக்கு மேல் தொங்கிய சாதனைப் பலகையை அண்ணாந்து பார்த்தாள். இருபது வருஷமாக யாரும் முறியடிக்காத நேரத்துக்குப் பக்கத்தில் அதே பெயர்.

“நீங்களா! அப்புறம் ஏன் இந்த ஆமை நடை?”

“அன்னிக்கு முதல் ஆளா ஓடினேம்மா. வழி முழுக்கப் பேச ஒரு ஆள் இல்ல. இப்ப வீட்டுலயும் இல்ல.”

கிளம்பியவர் திரும்பினார்.

“அடுத்த வருஷமும் பின்னால நீதானே வருவே?”